பெண் வீட்டு மாடுகள்

யூட்லாந்து, டென்மார்க்
22 ஜூன் 1991

அன்புள்ள அக்கேலோவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே நீ அடுப்பில் போட்டுவிடுவாய் என்கிறார் உன் அண்ணன். "அவ படிக்க மாட்டா, தபால்தலை வீண்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆனால் நான் பேனாவை எடுத்ததும் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது யார் தெரியுமா? அவரேதான்.

கிசுமு பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நீ இறங்கிப் போன கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன் அண்ணன் பேசியது தப்பு. "அங்கே வந்து மாடு கீடுன்னு பேசி என் மானத்தை வாங்காதே" என்று நாலு பேர் முன்னால் தங்கையிடம் சொல்லலாமா? ஆனால் நீயும், 'மாடு கொடுக்காமல் பெண்ணெடுக்கப் போகிற கூட்டத்தோடு நான் வரமாட்டேன்' என்று கத்திவிட்டுப் போயிருக்க வேண்டாம். ஒடேரா என் வயிற்றில் பிறந்தாலும் உன் மடியில் வளர்ந்த பிள்ளை. அவன் கல்யாணத்துக்கு நீ இல்லையென்றால் எப்படி?

ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வரைக்கும் விமானத்தில் உன் இருக்கை காலியாகவே வந்தது. நம் சின்னவள் அலுவோச் அதில் காலை நீட்டித் தூங்கினாள். வாழ்நாளெல்லாம் ரயில்வேயில் இருந்தவருக்கு விமானம் ஒரு பொருட்டா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த உன் அண்ணன், கிளம்பியதிலிருந்து இறங்கும் வரைக்கும் என் மணிக்கட்டை விடவில்லை. "பயமில்லை அவினோ, எஞ்சின் சத்தம் எனக்குச் சரியா படலை, அதான்" என்றார்.

இறங்கியதும் ஒரு கூத்து. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். நீ கட்டிக்கொடுத்த ஒமேனா கருவாட்டின் வாசம் அந்த மண்டபம் முழுக்கப் பரவியது. பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி, "இது உயிரோட இருக்கா?" என்றார். "செத்து ரொம்ப நாளாச்சு" என்றாள் அலுவோச். மனுஷன் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

வெளியே ஒடேரா நின்றான், பக்கத்தில் சிட்செல். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. நம் பாஷையில் வரவேற்கவேண்டும் என்று பாவம் மனப்பாடம் செய்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக, "ஒரிடி!" என்றாள். வந்து இறங்கியவுடனே எங்களுக்குப் 'போய்வாருங்கள்' சொல்லிவிட்டாள்! நான் சிரித்த சிரிப்பில் என் தலைத்துணியே அவிழ்ந்துவிட்டது.

இப்போது நகரத்தில் ஒரு விடுதியில் இருக்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் பெண் வீட்டுப் பண்ணைக்குப் போகிறோம். பதில் போடு. திட்டியாவது எழுது.

உன் அண்ணி,
அவினோ

•

சோண்டு
1 ஜூலை 1991

அண்ணி,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. விறகு போதுமான அளவு இருக்கிறது.

இங்கே எல்லாரும் நலம். உங்கள் கறுப்புக் கோழி அடைகாக்கிறது. மழை நின்றுவிட்டது. சந்தையில் என் மீன்கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் மீனை விட்டுவிட்டு, "எத்தனை மாடு கொடுத்தீங்க?" என்றுதான் கேட்கிறாள். நான் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் மானம் அங்கே பத்திரமாக இருக்கட்டும். என்னுடையது இங்கே சந்தையில் காய்கிறது.

நான் வராததால் வழிமுறை சொல்ல அங்கே ஆள் இல்லை. அண்ணனுக்கு ரயில் நேரம் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் வீட்டுக் கூரைக்கு அடியில் நீங்கள் இருவரும் தூங்கக்கூடாது. சம்பந்தி வீட்டில் குறட்டை விட்டுப் படுத்துக்கிடந்தான் ஒச்சோலா என்று அண்ணனைப் பற்றி நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. சாப்பிடலாம். உட்காரலாம். தூங்க மட்டும் கூடாது. அது எந்த நாடாக இருந்தாலும் சரி.

அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது? வேலை செய்த கையா?

நான் கேட்டதாக அண்ணனிடம் சொல்லவேண்டாம்.

அக்கேலோ

•

யூட்லாந்து
10 ஜூலை 1991

அன்புள்ள அக்கேலோ,

முதலில் உன் கேள்விக்குப் பதில். வேலை செய்த கைதான். உள்ளங்கை உன்னுடையதைவிடக் காய்த்திருக்கிறது. கன்றுக்குட்டியைக் காலோடு சேர்த்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

நீ எழுதியதை உன் அண்ணனிடம் சொன்னேன் (நீ கேட்டதை அல்ல, தூங்கக்கூடாது என்பதை). 'இதெல்லாம் எனக்குத் தெரியாதா' என்று முறைத்தார். ஆனால் முகம் வெளிறிவிட்டது, ஏனென்றால் அப்போது நாங்கள் பண்ணையில்தான் நின்றுகொண்டிருந்தோம். சம்பந்தியம்மா கிரேத்த மாடியறையில் எங்களுக்காகப் படுக்கை விரித்து, தலையணைமேல் பூ வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்திருந்தாள்.

"ஒடேரா, இவங்ககிட்ட எப்படியாவது சொல்லுடா" என்றார். அவன் சொல்லவில்லை, வெட்கம். உன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? கொட்டகையில் ஒரு கூடாரத் துணி கிடந்ததைப் பார்த்து வைத்திருந்தார். அதை இழுத்து வந்து ஆப்பிள் மரத்தடியில் அடிக்க ஆரம்பித்தார். கிரேத்த சன்னலில் நின்று பார்த்தாள். அவள் முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். சமையல் மேலங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் சிட்செல் ஒடேராவைப் பிடித்து உலுக்கி விஷயத்தை வாங்கினாள். "மரியாதைக்காகத்தான் வெளியே படுக்கறாங்களா? வீடு பிடிக்காம இல்லையே?" என்று கேட்டுவிட்டு, அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னாள். அவள் அப்பா தோர்க்கில் அதிகம் பேசாத மனுஷர். தலையை ஆட்டிக்கொண்டே மாடிக்குப் போனார். வரும்போது கையில் இரண்டு போர்வை. இன்னொரு கூடாரத்தை எடுத்துவந்து எங்களுடையதற்குப் பக்கத்திலேயே அடித்தார்.

"விருந்தாளி தரையில படுத்தா, வீட்டுக்காரன் மெத்தையில படுக்கறது எங்க வழக்கத்துல மரியாதையில்ல" என்றார்.

"அப்படி ஒரு வழக்கம் இருக்கா?" என்று கேட்டான் ஒடேரா.

"இன்னிலேர்ந்து இருக்கு."

இப்போது மூன்று நாளாக ஆப்பிள் மரத்தடியில்தான் நாலு பேரும் படுக்கிறோம். அலுவோச் மட்டும் மாடியறையில் அந்தப் பூத் தலையணையோடு ராணி மாதிரி தூங்குகிறாள். இங்கே சூரியனுக்கு அடங்கவே தெரியவில்லை. சாப்பிட்டுப் படுத்த பிறகும் வெளிச்சம் கூடாரத்துக்குள் வந்து நிற்கிறது. தோர்க்கில் விடும் குறட்டைக்கு உன் அண்ணன் குறட்டை பதில் சொல்கிறது. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது, இதில் மட்டும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள்.

கேழ்வரகு நிறத்தில் ஒரு கறுத்த ரொட்டி, அதன்மேல் காடியில் ஊறிய பச்சை மீன். நான் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். பதிலுக்கு உன் ஒமேனாவை வெங்காயம் தக்காளி போட்டு வதக்கி, உகாலி கிண்டி வைத்தேன். மக்காச்சோள மாவு கிடைக்காமல் ரவையில் கிண்டினேன், அது வேறு கதை. தோர்க்கில் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. நேற்று மாட்டுக்கொட்டிலில் அவர் ஒடேரா மூலமாக உன் அண்ணனிடம், "பொண்ணுக்கு மாடு கொடுக்கறது உங்க வழக்கம்னு புத்தகத்துல படிச்சேனே, அது என்ன?" என்று கேட்டார். உன் அண்ணன் சுற்றிலும் பார்த்தார். எங்கே பார்த்தாலும் மாடு. ஒவ்வொன்றும் நம் மாடு இரண்டுக்குச் சமம். "அதெல்லாம் பழைய காலம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவினோ

•

சோண்டு
19 ஜூலை 1991

அண்ணி,

கூடாரக் கதையைச் சந்தையில் சொன்னேன். சிரித்துச் சிரித்து இரண்டு பேர் என் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த தோர்க்கில் நல்ல மனுஷர். அவரைப் போன்றவரிடம்தான் அண்ணன் பொய் சொல்லியிருக்கிறார். பழைய காலமாம்.

நான் ஏன் பேருந்திலிருந்து இறங்கினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. எனக்குக் கோபம் அதிகம் என்று நினைத்துக்கொண்டீர்கள். சொல்கிறேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தபோது ஒரு மாடு வந்தது. மீதி பிறகு வரும் என்றார்கள். அப்பாவும் வற்புறுத்தவில்லை, நல்ல இடம் என்று விட்டுவிட்டார். என் புருஷன் கெட்டவன் இல்லை. ஆனால் கணக்கு மாடு தராமல் எடுத்த பெண் என்று அவன் அம்மா ஒரு நாள் தவறாமல் சொல்லிக்காட்டுவாள். குழம்பில் உப்புக் கூடினால், "நடந்து வந்தவதானே" என்பாள். தண்ணீர்க் குடம் உடைந்தால், "நடந்து வந்தவளுக்குக் குடத்தோட அருமை என்ன தெரியும்" என்பாள். பிள்ளை பிறக்காதபோது சொன்னதை எழுதவேண்டாம். அவன் செத்த பிறகு, நான் எப்படி வந்தேனோ அப்படியே நடந்து திரும்பினேன். யாரும் தடுக்கவில்லை. அந்த ஒரு மாட்டைத் தவிர எனக்காக அந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை, அதனால் நானும் அங்கே இருந்ததாகக் கணக்கில்லை.

அந்தப் பெண் கடல் தாண்டி நம் வீட்டுக்கு வரப்போகிறாள். பாஷை தெரியாது. 'ஒரிடி' என்று சொல்லிக்கொண்டு வருவாள். நம் ஊர்ப் பெண்கள் முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். முதுகுக்குப் பின்னால், "சும்மா வந்தவ" என்பார்கள். அவள் அப்பாவிடம் ஆயிரம் மாடு இருந்தாலும் அந்த வார்த்தை மாறாது. அவருக்கு மாடு தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். நான் அவருக்காகக் கேட்கவில்லை.

இதை அண்ணனிடம் படித்துக்காட்டுங்கள், காட்டாமலும் இருங்கள். உங்கள் இஷ்டம்.

கறுப்புக் கோழி குஞ்சு பொரித்துவிட்டது.

அக்கேலோ

•

யூட்லாந்து
28 ஜூலை 1991

என் அக்கேலோ,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இத்தனை வருஷம் ஒரே ஊரில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம், இதை நீ என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

உன் அண்ணனிடம் படித்துக்காட்டினேன். பாதியிலேயே எழுந்து கொட்டிலுக்குப் போய்விட்டார். சிட்செல் அங்கே இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "என்ன ஆச்சு? ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஒடேராவைக் கேட்டாள். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. கடிதத்தை அவனிடம் கொடுத்து, ஒரு வரி விடாமல் அவள் பாஷையில் சொல்லச் சொன்னேன். அவன் குழந்தையாக இருந்தபோது உன்னை அழவைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பானே, நினைவிருக்கிறதா? இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

சிட்செல் கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு அடுக்களை மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பால் கிண்ணம் துள்ளியது.

"என்னைச் சும்மாவா கூட்டிட்டுப் போகப் பார்த்தீங்க?" என்றாள்.

"அப்படியில்ல சிட்செல்" என்று ஒடேரா ஆரம்பித்தான்.

"நீ பேசாதே. இத்தனை நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? அந்த அத்தைக்கு என்மேல இருக்கற அக்கறை உனக்கு இல்லை. மாடு வந்தாத்தான் கல்யாணம்."

கிரேத்த பயந்துவிட்டாள். தேவாலயத்தில் நாள் குறித்தாகிவிட்டது, ஊர் முழுக்க அழைத்தாகிவிட்டது. "மாட்டை எப்படிம்மா இங்கே கொண்டு வருவாங்க?" என்கிறாள். தோர்க்கில் மட்டும் கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "என் பொண்ணு கேட்கறது நியாயம்தான். நான் ஒரு கன்றுக்குட்டியைக்கூடச் சும்மா கொடுத்ததில்லை" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா நிஜமாகச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

பிறகு கொட்டிலுக்குப் போய் உன் அண்ணனைத் தேடினேன். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பசு அவர் தொப்பியை நக்கிக்கொண்டிருந்தது, அதுகூடத் தெரியாமல்.

"நான் அப்பா மாதிரியே பண்ணிட்டேன் இல்ல?" என்றார். நான் பசுவைத் தள்ளிவிட்டு அவர் தொப்பியைத் துடைத்தேன்.

"ஒபோண்டோகிட்ட மேய்க்க விட்டிருக்கற நம்ம மாடுங்க அத்தனையும் தங்கச்சி பொறுப்புன்னு எழுது. எதை வேணும்னாலும் பிடிக்கட்டும். அவளைக் கேட்காம இந்தக் குடும்பத்துல இனிமே பொண்ணெடுக்கறதில்ல, கொடுக்கறதில்ல. அப்படியே எழுது."

அப்படியே எழுதிவிட்டேன். கடிதம் வரத் தாமதமாகும் என்று ஒடேரா இன்றே தந்தியும் கொடுக்கிறான். கல்யாணம் ஆகஸ்ட் பத்தாம் தேதி. எல்லாம் இப்போது உன் கையில்.

அவினோ

•

சோண்டு
7 ஆகஸ்ட் 1991

அண்ணி,

ஒடேராவின் தந்தி வந்த அன்று சந்தை நாள். 'அத்தை மாடு பிடி. கல்யாணம் நிற்கிறது.' தபால்காரர் அதைச் சந்தை நடுவில் சத்தமாகப் படித்துவிட்டார். மீன் விற்பனை அதோடு முடிந்தது. உங்கள் கடிதமும் நேற்று வந்து சேர்ந்துவிட்டது. அண்ணன் சொன்னதைப் படித்தேன். சரி என்று சொல்லுங்கள்.

ஒபோண்டோவின் தொழுவத்துக்குப் போனேன். பின்னாலேயே பாதிச் சந்தை வந்தது. நான் சிவப்புப் பசுவின் கயிற்றைப் பிடித்ததும் அவன் குதித்தான்.

"அதை விடு, அதுதான் பால் கறக்குது! அதோ அந்தக் கிழட்டுப் பசுவை ஓட்டிட்டுப் போ."

"கிழட்டுப் பசுவைக் கொடுத்தா கிழவியைத்தான் கொடுப்பாங்க. ஒடேராவுக்குக் கிழவி வேணுமா?"

ஐந்து மாடு பிடித்தேன். அப்புறம்தான் பெரியவர்களுக்கு ஒரு சந்தேகம். மாடு மாப்பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பிப் பெண் வீட்டில் போய் நிற்கவேண்டும். பெண் வீடு எங்கே? "டென்மார்க் வரைக்கும் எப்படி ஓட்டுவே? நீந்தியா?" என்று ஒபோண்டோ சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கும்போதே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என் வீட்டுக்கு ஓட்டுங்க. இந்த ஊர்ல அந்தப் பொண்ணுக்கு யாருமில்ல. இன்னிலேர்ந்து நான் பொண்ணு வீட்டுக்காரி."

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி குலவை போட்டாள். அடுத்தவள் எடுத்தாள். அதன் பிறகு பெரியவர்கள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

சாலையோரத்து என் வீட்டு முற்றத்துக்கு மாடுகள் பாட்டோடு வந்தன. நான் முன்னால் ஓடிப்போய் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நாலாவதாக வந்த காளை காலைச் சாய்த்து நடந்தது.

"இது நொண்டுது. மாத்து" என்றேன்.

"நீதானே பிடிச்சே!" என்று ஒபோண்டோ அலறினான்.

"அப்போ நான் மாப்பிள்ளை வீடு. இப்போ பொண்ணு வீடு. எங்க பொண்ணுக்கு நொண்டி மாட்டையா கொடுக்கறீங்க? வெட்கமா இல்ல?"

மாற்றிக் கொடுத்தான். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான். எல்லாருக்கும் உகாலியும் மீனும் போட்டு அனுப்பினேன். இன்று காலையில் தந்தி கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

இனிமேல் நீங்கள் எனக்குச் சம்பந்தி, அண்ணி. மரியாதையாகப் பேசுங்கள்.

அக்கேலோ

•

யூட்லாந்து
11 ஆகஸ்ட் 1991

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நேற்றுக் கல்யாணம் நடந்தது! பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போய்விட்டது, நல்லவேளை கடிதத்துக்குக் குரல் வேண்டாம்.

'ஐந்து மாடுகளை என் வீட்டில் பெற்றுக்கொண்டேன். பெண்ணைக் கொடுக்கச் சம்மதம். அக்கேலோ.' இந்தத் தந்தி முந்தின நாள் மத்தியானம் வந்தது. நாங்கள் எல்லாரும் முற்றத்தில் மேசை போட்டுக்கொண்டிருந்தோம். தோர்க்கில் அதை ஒடேராவிடம் கொடுத்துச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுத் தந்தியைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கொடிக்கம்பத்துக்குப் போய்த் தங்கள் நாட்டுக் கொடியை ஏற்றினார். இங்கே வீட்டில் விசேஷம் என்றால் அப்படிச் செய்வார்களாம்.

தேவாலயத்தில் சிட்செல் நம் கிசுமுத் துணியில் தைத்த சால்வையை வெள்ளை உடுப்பின்மேல் போட்டுக்கொண்டு வந்தாள். உன் அண்ணன் அழுதார். கேட்டால் பூ வாசம் மூக்கில் ஏறிவிட்டது என்கிறார்.

விருந்தில் ஒரு கலவரம். ஒடேராவின் நண்பர்கள் அவனைத் திடீரென்று தூக்கிப் படுக்கவைத்து, காலணியைக் கழற்றி, கத்திரிக்கோலால் காலுறையின் நுனியை வெட்ட ஆரம்பித்தார்கள். உன் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "டேய், என் பையன் காலை விடுங்கடா!" என்று பாய்ந்தார். அது அவர்கள் வழக்கமாம், அது தெரிவதற்குள் இரண்டு பேருடைய கழுத்துப்பட்டை அவர் கையில் இருந்தது. விஷயம் புரிந்ததும் தானே உட்கார்ந்து தன் காலையும் நீட்டினார். அவருடையதையும் வெட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியும், நல்ல காலுறை.

பிறகு தோர்க்கில் எழுந்து நின்றார். இந்த ஊரில் பெண்ணின் அப்பா பேசவேண்டுமாம். மனுஷர் பேசாதவர், எல்லாருக்கும் கவலை. அவர் தந்தியை எடுத்து விரித்தார்.

"எனக்கு இங்கே எவ்வளவு மாடு இருக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். இன்னிலேர்ந்து எனக்கு ஆப்பிரிக்காவுலயும் அஞ்சு மாடு இருக்கு. நான் பார்க்காத ஒரு அம்மா, என் பொண்ணை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாதுன்னு, எனக்காக அதைக் கேட்டு வாங்கி வச்சிருக்காங்க. என் பொண்ணுக்காக நானே அவ்வளவு யோசிச்சதில்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்து, "அதுல ஒண்ணு நொண்டியா இருந்தா மாத்திக் கொடுக்கணும்" என்றார். அக்கேலோ, மாடு விஷயத்தில் உன்னைப் போலவே விட்டுக்கொடுக்காத ஒருவர் இங்கேயும் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நானும் கிரேத்தவும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினோம். அலுவோச் குலவை போட்டாள். டென்மார்க் பெண்கள் பாதிப் பேருக்கு இப்போது குலவை போடத் தெரியும், சகிக்காது.

இப்போது முக்கியமான விஷயம். முப்பத்தோராம் தேதி வந்து இறங்குகிறோம். சிட்செல்லும் ஒடேராவும் கூடவே வருகிறார்கள். தோர்க்கிலும் கிரேத்தவும் கிறிஸ்துமஸுக்கு மாட்டைப் பார்க்க வருவார்கள். இன்று காலையில் சிட்செல் ஒடேராவையும் இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் மூலமாகக் கேட்டாள்.

"அத்தை, உங்க ஊர்ல கல்யாணப் பொண்ணு எங்கேயிருந்து புறப்பட்டு வருவா?"

"அவ அப்பா வீட்லேர்ந்து."

"எங்க அப்பாவோட மாடு நிக்கற வீடு யாரோடது?"

"அக்கேலோவோடது."

"அப்போ நான் முதல்ல அங்கேதான் இறங்குவேன். அங்கேயிருந்து வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

உன் அண்ணன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "என் தங்கச்சி வாசல்ல நான் போய்ப் பொண்ணு கேட்டு நிக்கணுமா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை.

ஆகவே அவள் உன் வீட்டுக்கு வருகிறாள். உன் மகளாக.

அவினோ

•

சோண்டு
20 ஆகஸ்ட் 1991

அண்ணி,

வீட்டுச் சுவருக்குப் புது மண் பூசிவிட்டேன். கட்டிலுக்குக் கயிறு மாற்றினேன். அவள் உயரம் என்று நீங்கள் எழுதியதால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையையும் கழற்றச் சொல்லிவிட்டேன். என்ன சாப்பிடுவாள் என்று எழுதவேண்டாம், வந்ததும் நானே கேட்டுக்கொள்கிறேன். அவள் பாஷையில் 'வா' என்பதற்கு என்ன வார்த்தை என்பதை மட்டும் ஒடேராவைத் தந்தியில் அனுப்பச் சொல்லுங்கள்.

பெண்ணை அழைக்க வரும்போது அண்ணன் தொப்பி போட்டுக்கொண்டு வரட்டும். வெறுங்கையோடு வரவேண்டாம். நான் கூப்பிடும் வரைக்கும் வாசலிலேயே நில்லுங்கள். உடனே கூப்பிடுவேன் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

நான் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதில்லை. அனுப்புகிற வீட்டில் என்ன செய்வார்கள் என்று சந்தையில் பக்கத்துக் கடைக்காரியிடம் கேட்டேன். அவள் நாலு பெண்களை அனுப்பியவள். "வேறொண்ணும் இல்லடி, பொண்ணு வாசல் தாண்டறப்போ அம்மாக்காரி அழணும், அவ்வளவுதான்" என்றாள்.

இரண்டு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்க்கிறேன், அண்ணி. சிரிப்புதான் வருகிறது.

அக்கேலோ